எட்டு எண், இரண்டு விடை: பைத்தான் லைப்ரரிகள் ஏன் ஆளுக்கொரு பேச்சு பேசுகின்றன?

இந்த எபிசோடின் ஒலிப்பதிவு, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.

இன்னைக்கு நேரா ஒரு கணக்குல இருந்து ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா வேண்டாம், மனசுலயே போட்டுடலாம்.

எட்டு எண்கள்: 2, 4, 4, 4, 5, 5, 7, 9. இதோட ஸ்டாண்டர்டு டீவியேஷன் எவ்வளவு? பள்ளிக்கூடத்துல திட்டவிலக்கம்னு படிச்சோமே, அதுதான். சராசரி 5. ஒவ்வொரு எண்ணும் 5-ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினா 32 வரும். மொத்தம் எட்டு எண், 32-ஐ 8-ஆல் வகுத்தா 4. வர்க்கமூலம் 2. விடை 2.

இதையே பைத்தான்ல நம்பை லைப்ரரிகிட்ட கேளுங்க, 2-ன்னு சொல்லும். அதே எட்டு எண்ணை பாண்டாஸ்கிட்ட கொடுங்க, 2.138-ன்னு சொல்லும். பைடார்ச்சும் 2.138. டென்சர்ஃப்ளோ மறுபடி 2. ஒரே மொழி, ஒரே டேட்டா, விடை மட்டும் ரெண்டு. எங்கேயும் எர்ரர் வராது. வார்னிங்கும் வராது.

இதுல யாரும் கணக்கைத் தப்பா போடல. கையில இருக்கிற எண்கள்தான் முழுத் தொகுதி என்றால் எண்ணிக்கையால வகுக்கணும். பெரிய தொகுதியில இருந்து எடுத்த சாம்பிள் என்றால் எண்ணிக்கையில ஒண்ணைக் குறைச்சு வகுக்கணும். ரெண்டும் புள்ளியியல்ல முறையான வழிதான். நீங்க எதுவுமே சொல்லாம விட்டா எதை எடுத்துக்கணும் என்கிற டீஃபால்ட்லதான் சிக்கல். நம்பை முதலாவதை எடுத்துக்குது, பாண்டாஸ் இரண்டாவதை எடுத்துக்குது.

"சரி ப்ரோ, பாயின்ட்டுக்கு அப்புறம் கொஞ்சம் மாறுது, இதுல என்ன இருக்கு?"ன்னு கேட்கலாம். ஒரு லட்சம் வரி டேட்டான்னா உண்மையிலேயே ஒண்ணும் இல்ல, வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனா நாம பெரும்பாலும் டேட்டாவை குரூப் பண்ணித்தான் பார்ப்போம், கடை வாரியா, கஸ்டமர் வாரியா. ஒரு கடைக்கு மூணே என்ட்ரி இருந்தா வித்தியாசம் 22 சதவீதம். ஒரே ஒரு என்ட்ரி இருந்தா? நம்பை 0-ன்னு சொல்லும். பாண்டாஸ் "எண்ணே இல்லை"ன்னு ஒரு வெற்றுமதிப்பைத் தரும், ஏன்னா ஒண்ணுல ஒண்ணு போனா பூஜ்யம், பூஜ்யத்தால வகுக்க முடியாது. அடுத்த வரியில வெற்று வரிகளை நீக்குற கோடு இருந்தா அந்தக் கடையே ரிப்போர்ட்ல இருந்து காணாமப் போயிடும். கடை ஏன் காணோம்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது.

இன்னைக்கு எபிசோடு இதைப் பத்திதான். பைத்தானோட டேட்டா உலகத்துல ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பேர், இத்தனை வழக்கம்? அதை விளக்க வேண்டிய டாக்குமென்டேஷன் ஏன் பத்து இடத்துல சிதறிக் கிடக்கு? இதுக்கு நடுவுல புதுசா கத்துக்க வர்றவங்க என்ன பண்றது?

ஆறு விழாத பகடை

இன்னொரு எடுத்துக்காட்டு. ஒரு பகடை உருட்டணும். 1-ல இருந்து 6 வரைக்கும் ஏதாவது ஒரு எண் வரணும். பைத்தான் கூடவே வர்ற ரேண்டம் மாட்யூல்ல ராண்ட்இன்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுக்கு 1, 6-ன்னு கொடுத்தா 1 முதல் 6 வரை வரும். ஆறும் சேர்த்தி.

நம்பைலயும் ராண்ட்இன்ட் இருக்கு. அதே பேர்தான். அதே 1, 6-ஐக் கொடுங்க. 1 முதல் 5 வரைக்கும்தான் வரும். நம்பைக்கு மேல் எல்லை கணக்குல சேராது. பைடார்ச்லயும் அப்படித்தான். பத்து லட்சம் தடவை உருட்டினாலும் அந்தப் பகடையில ஆறு விழாது.

"முன்னாடி மெதுவா இருந்துச்சு, நம்பைக்கு மாத்தினா வேகமா ஓடும்"னு ஒருத்தர் ஒரே ஒரு இம்போர்ட் வரியை மாத்தினா போதும். புரோகிராம் ஓடும். டெஸ்ட்டும் பாஸ் ஆகலாம். ஏன்னா பெரும்பாலான டெஸ்ட், வந்த எண் 1-க்கும் 6-க்கும் நடுவுல இருக்கான்னுதான் பார்க்கும். ஆறு எப்பவாவது வருதான்னு யாரும் பார்க்க மாட்டாங்க.

அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் படியோட அளவு மாறும்னு பெரியவங்க சொல்லுவாங்க. பேர் எல்லா ஊர்லயும் படிதான், உள்ள கொள்ளுற அரிசிதான் வேற. பேர் வேறயா இருந்தா நாமளே உஷாரா இருப்போம். பேர் ஒண்ணா இருக்கும்போதுதான் மாட்டிக்கிறோம்.

பேரும் வடிவமும்

பேர் வேறயா இருக்கிறதையும் பார்த்துடலாம். இதுல ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம்.

ரெண்டு அரேயை ஒட்டணும். நம்பைல இதுக்குப் பேர் கான்கேட்டனேட். பாண்டாஸ்லயும் டென்சர்ஃப்ளோலயும் கான்கேட். பைடார்ச்ல வெறும் கேட், பூனைக்கு எழுதுற அதே மூணு எழுத்து. எந்தத் திசையில ஒட்டணும்னு சொல்ல நம்பைல ஆக்சிஸ், பைடார்ச்ல டிம். கூட்டின பிறகும் பரிமாணத்தை அப்படியே வெச்சுக்கோன்னு சொல்ல நம்பைல கீப்டிம்ஸ், பைடார்ச்ல கீப்டிம். கடைசியில ஒரு எஸ் எழுத்துதான் வித்தியாசம்.

இதாவது வேற வேற லைப்ரரி. ஒரே நம்பைக்குள்ளயே பாருங்க. ரெண்டு வரிசை, மூணு நெடுவரிசையில பூஜ்யம் நிரப்ப ஜீரோஸ் ஃபங்ஷன் இருக்கு. அதுக்கு 2, 3 ரெண்டையும் ஒரு டியூப்பிளா அடைப்புக்குறிக்குள்ள கட்டிக் கொடுக்கணும். அதே அளவுல ரேண்டம் எண்கள் வேணும்னா ராண்ட் ஃபங்ஷன். அதுக்கு 2, 3-ஐத் தனித்தனியா, கட்டாம கொடுக்கணும். மாத்திக் கொடுத்தா? ஜீரோஸுக்கு 2, 3-ஐத் தனித்தனியா கொடுத்துப் பாருங்க. "3-ஐ டேட்டா டைப்பாப் புரிஞ்சுக்க முடியல"ங்கிற அர்த்தத்துல ஒரு எர்ரர் வரும். ஏன்னா இரண்டாவதா வர்றதை அது டேட்டா டைப்னு நினைச்சுக்குது. கத்துக்க வந்து ரெண்டு நாள் ஆன ஒருத்தருக்கு டேட்டா டைப் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாது. அவங்க கேட்டது வெறும் பூஜ்யம்தான்.

ராண்ட் ஏன் இப்படி இருக்குன்னு நம்பையோட டாக்குமென்டேஷனே சொல்லுது: மேட்லாப்ல இருந்து கோடை மாத்திக்கிட்டு வர்றவங்களோட வசதிக்காக. அதாவது, வேற ஒரு மொழியில இருந்து குடிவந்தவங்களுக்குப் போட்ட ஏற்பாடு, இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களைக் குழப்புது.

நீலமான தக்காளி

இது எல்லாம் சின்ன எரிச்சல்தானேன்னு தோணலாம். எங்க டீம்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன்.

புதுசா சேர்ந்த ஒரு ஜூனியர். படத்தைப் பார்த்து தக்காளி பழுத்ததா, காயான்னு சொல்ற ஒரு சின்ன மாடல் பண்ணியிருந்தாங்க. நோட்புக்ல அருமையா வேலை செஞ்சுது. சர்வர்ல போட்டதும் சொதப்பல். அதுவும் ஒரு விநோதமான சொதப்பல்: காய் எல்லாம் சரியா வருது, பழத்துல மட்டும் தடுமாறுது. எர்ரர் எதுவும் இல்ல. அவங்க மாடலை மாத்தினாங்க, லேயர் கூட்டினாங்க, லேர்னிங் ரேட்டை மாத்தினாங்க, இன்னும் படம் சேர்த்துப் பார்த்தாங்க. ஒரு வாரம் போச்சு. அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது, "அண்ணா, எனக்கு மெஷின் லேர்னிங் செட் ஆகாது போல"ன்னாங்க.

சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். நோட்புக்ல படத்தைத் திறந்தது பில்லோ லைப்ரரி. சர்வர்ல திறந்தது ஓப்பன்சிவி. பில்லோ ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம்ங்கிற வரிசையில தரும். ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்புன்னு தலைகீழா தரும். சிவப்பும் நீலமும் இடம் மாறுது, பச்சை நடுவுலயே இருக்கு. அதனாலதான் பச்சைக் காய் தப்பிச்சுது, சிவப்புப் பழம் நீலமாப் போய் நின்னுது. நீலத் தக்காளியை அந்த மாடல் எங்க பார்த்திருக்கும்? ஒரே ஒரு வரி சேர்த்தோம், சரியாயிடுச்சு.

ஓப்பன்சிவி வேணும்னு இப்படிப் பண்ணல. அது 1999-ல இன்டெல்ல தொடங்கின புராஜெக்ட். அப்போ கேமரா, விண்டோஸ் மென்பொருள் பக்கம் நீலம் முதல்ல வர்ற வரிசை பரவலா இருந்துச்சு. காலம் மாறிடுச்சு, வரிசை மாறல. இதோட முடியல. ஓப்பன்சிவில படத்தோட அளவைக் கேட்டா உயரம் முதல்ல, அகலம் பின்னாடி வரும். அதே ஓப்பன்சிவில படத்தோட அளவை மாத்தச் சொல்லும்போது அகலத்தை முதல்ல கொடுக்கணும். சதுரப் படத்தை வெச்சு டெஸ்ட் பண்ணா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், தப்பு மாட்டவே மாட்டாது.

இந்த விஷயத்துல என்னை உறுத்துறது வீணான ஒரு வாரம் இல்ல. லைப்ரரிகளுக்கு நடுவுல இருக்கிற ஒரு பிளவை, ஒரு பொண்ணு தன்னோட திறமைக் குறைவுன்னு நினைச்சுக்கிட்டதுதான். சொல்லாம விலகிப் போனவங்க எத்தனை பேருன்னு எந்தக் கணக்குலயும் வராது.

இப்படி ஆனது ஏன்?

ஒரு கம்பெனி, ஒரு டீம் உட்கார்ந்து வடிவமைச்சிருந்தா இவ்வளவு முரண்பாடு வந்திருக்காது. ஆனா பைத்தானோட டேட்டா உலகம் அப்படி உருவாகல. ஒவ்வொரு லைப்ரரியும் ஒவ்வொரு ஊர்ல இருந்து வந்துச்சு.

1995-ல ஜிம் ஹியூகனின் எழுதின நியூமெரிக்தான் பைத்தானோட முதல் முக்கியமான அரே லைப்ரரி. பிறகு விண்வெளித் தொலைநோக்கிப் படங்களை ஆராயுறவங்களுக்கு நியூமெரிக் போதல, நம்அரேன்னு இன்னொண்ணு வந்துச்சு. சமூகம் ரெண்டாப் பிரிஞ்சுது. சிலது இதுக்குத்தான் ஓடும், சிலது அதுக்குத்தான் ஓடும். டிராவிஸ் ஆலிஃபன்ட் ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதினதுதான் நம்பை, 2006-ல 1.0 வந்துச்சு. ஒண்ணாக்கும்போது பழைய ரெண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டிக்கிட்டு வரணும் இல்லையா? அதனால அவங்க பழக்கத்துல பலதும் கூடவே வந்துச்சு.

பாண்டாஸ் வந்த வழி வேற. வெஸ் மெக்கின்னி 2008-ல ஒரு முதலீட்டு நிறுவனத்துல வேலை பார்க்கும்போது தொடங்கினது. ஆர் மொழியோட டேட்டா ஃபிரேம்தான் முன்மாதிரி. ஆர், புள்ளியியல்காரங்களோட வீடு. அங்கே டேட்டான்னாலே சாம்பிள், ஒண்ணைக் குறைச்சுத்தான் வகுப்பாங்க. பாண்டாஸும் அதே பக்கம் நின்னுது.

பைடார்ச்சுக்கு முன்னாடி டார்ச்னு ஒண்ணு லுவா மொழியில இருந்துச்சு. கேட் என்கிற குட்டிப் பேர் அங்க இருந்து வந்தது. மேட்பிளாட்லிப்பை 2003-ல ஜான் ஹண்டர் வெளியிட்டப்போ, மேட்லாப்ல படம் வரையுற மாதிரியே பைத்தான்ல வரையணும்ங்கிறதுதான் நோக்கம். பின்னாடி ஆப்ஜெக்ட் வழியும் வளர்ந்துச்சு. அதனால இன்னைக்கும் அதுக்குள்ள ரெண்டு வழி இருக்கு. ஒரு வழியில தலைப்பு போட டைட்டில், இன்னொரு வழியில செட் டைட்டில். ஒரு வழியோட பதிலை இன்னொரு வழியில ஒட்டினா, "டெக்ஸ்ட் ஆப்ஜெக்டை இப்படி அழைக்க முடியாது"ன்னு எர்ரர்.

ஆக, ஒவ்வொரு லைப்ரரியும் அதோட ஆட்களுக்கு இயல்பாத்தான் இருந்துச்சு. ஒரே நோட்புக்ல அஞ்சையும் சேர்த்துப் பயன்படுத்துற நாமதான் அஞ்சு ஊரோட வழக்கத்தையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியிருக்கு.

இன்னொரு காரணம், பணமும் ஆளும். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்கள் நம்பை மேல நின்னுச்சு. ஈர்ப்பு அலை ஆராய்ச்சியிலயும், 2019-ல வெளியான முதல் கருந்துளைப் படத்துலயும் நம்பை இருக்கு. ஆனா அந்தப் புராஜெக்டுக்கு நேரடியா முதல் நிதி கிடைச்சது 2017-லதான், கிட்டத்தட்ட 6.45 லட்சம் டாலர். அதுவரைக்கும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ராத்திரி உட்கார்ந்து எழுதினவங்கதான் அதிகம். அப்படி எழுதுறவங்க முதல்ல பக்கை சரி பண்ணுவாங்க, டாக்குமென்டேஷன் கடைசியிலதான் வரும்.

டாக்குமென்டேஷன் இல்லையா?

இருக்கு. நிறையவே இருக்கு. அதுதான் வேடிக்கை.

ஸ்டாண்டர்டு டீவியேஷன் விஷயத்தையே எடுத்துக்குவோம். நம்பையோட பக்கத்துல எதனால வகுக்கிறோம்னு தெளிவா இருக்கு. பாண்டாஸ் பக்கத்துல ஒண்ணைக் குறைச்சு வகுப்போம்னு இருக்கு, நம்பை மாதிரி வேணும்னா என்ன பண்ணணும்னு அடியில ஒரு குறிப்புகூட இருக்கு. யாரும் மறைக்கல. ஆனா அந்தப் பக்கத்தை யார் போய்ப் பார்ப்பா? வித்தியாசம் இருக்குன்னு ஏற்கெனவே சந்தேகப்பட்டவங்கதான் பார்ப்பாங்க. சந்தேகமே வராதவங்களுக்கு அந்தக் குறிப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டேனியல் புரோசிடா டயாடாக்சிஸ்னு ஒரு முறையை முன்வெச்சிருக்கார். டாக்குமென்டேஷன்ல நாலு வகை இருக்கு, அதைக் கலக்கக் கூடாதுங்கிறார். முதல் வகை டுட்டோரியல், கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுக்கிறது. இரண்டாவது, "இந்த வேலையை எப்படிப் பண்றது?"ங்கிற வழிகாட்டி. மூணாவது, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விவரம் சொல்ற ரெஃபரன்ஸ். நாலாவது, ஏன் இப்படின்னு சொல்ற விளக்கம். சமையல்ல வெச்சுப் பாருங்க. பக்கத்துல நின்னு அம்மா கத்துக்கொடுக்கிறது முதல் வகை. வத்தக்குழம்பு செய்முறை இரண்டாவது. மசாலா டப்பா மேல ஒட்டியிருக்கிற விவரம் மூணாவது. புளியைக் கொதிக்க விட்ட பிறகு ஏன் மத்ததைப் போடணும்னு சொல்றது நாலாவது.

லைப்ரரிகள்கிட்ட மூணாவது வகை நிறைய இருக்கு. முதல் ரெண்டும் யூடியூப், பிளாக், ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு சிதறிக் கிடக்கு. நாலாவது, அந்த "ஏன்", பல நேரம் கிட்ஹப்ல எப்போவோ நடந்த ஒரு விவாதத்துக்குள்ள புதைஞ்சிருக்கும். நம்பை குழு இந்த நாலு வகையை வெச்சே தன்னோட டாக்குமென்டேஷனைத் திருத்தி அமைக்க ஒரு முன்மொழிவு எழுதி, அந்தப் பாதையில போய்க்கிட்டு இருக்காங்க. ஆனா ரெண்டு லைப்ரரிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எந்த லைப்ரரியோட டாக்குமென்டேஷன்லயும் முழுசா வராது. அது யார் வீட்டு முற்றமும் இல்ல, நடுத்தெரு.

சிதறலோட இன்னொரு முகம், காலம். பாண்டாஸ்ல டேட்டா ஃபிரேமுக்குக் கீழ ஒரு வரி சேர்க்க அப்பெண்ட்னு ஒரு மெத்தட் இருந்துச்சு. 2022 ஜனவரில வந்த 1.4-ல "இது போகப் போகுது"ன்னு வார்னிங் போட்டாங்க. 2023 ஏப்ரல்ல 2.0-ல எடுத்தே விட்டாங்க. நம்பைல இன்ட், ஃப்ளோட்னு பைத்தானோட டைப்புக்கே இன்னொரு பேர் வெச்சிருந்தாங்க. 1.20-ல வார்னிங், 2022 டிசம்பர்ல 1.24-ல காலி. ஆனா பழைய பதில்கள் அப்படியே இருக்கு. பச்சை டிக்கோட, நூத்துக்கணக்குல ஓட்டோட இருக்கு. பழைய பதிலுக்குத்தான் ஓட்டு வாங்க அதிக காலம் கிடைச்சிருக்கு, அதனால அதுதான் மேலயும் நிக்கும்.

"நான் ஏஐ கிட்டதானே கேட்கிறேன்"னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் படிச்சு வளர்ந்தது இதே பழைய பதில்களைத்தான். வெர்ஷன் சொல்லாம கேட்டா பழசும் புதுசும் கலந்த கோடு வரலாம். எர்ரர் வந்தா அதிர்ஷ்டம். பகடை மாதிரி எர்ரர் வராத தப்புன்னா அது தன்னம்பிக்கையோட சொல்லும், நாமளும் தன்னம்பிக்கையோட எடுத்துக்குவோம்.

ஒரே பேச்சுக்கு வந்த இடம்

எல்லாமே இப்படித்தான்னு நினைக்க வேண்டாம். சைக்கிட்-லேர்னைப் பாருங்க. 2007-ல டேவிட் கூர்னப்போவோட கோடைக்காலப் புராஜெக்டாத் தொடங்கி, 2010-ல முதல் பொது வெளியீடு வந்துச்சு. உள்ள எத்தனையோ அல்காரிதம் இருக்கு, கணிதம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஆனா வெளியில எல்லாம் ஒரே முகம்: கத்துக்க ஃபிட், கணிக்க பிரெடிக்ட், டேட்டாவை மாத்த டிரான்ஸ்ஃபார்ம். வரிசைன்னா சாம்பிள், நெடுவரிசைன்னா ஃபீச்சர். ஒண்ணைக் கத்துக்கிட்டா மத்ததுக்கும் கதவு திறந்துடும்.

இது எவ்வளவு வலுவாப் போச்சுன்னா, எக்ஸ்ஜிபூஸ்ட், லைட்ஜிபிஎம் மாதிரி வெளி லைப்ரரிகள், தங்களோட சொந்த வழி ஒண்ணு இருந்தும், சைக்கிட்-லேர்ன் மாதிரியே ஃபிட், பிரெடிக்ட்னு இன்னொரு முகத்தையும் சேர்த்துக்கிட்டாங்க. யாரும் சட்டம் போடல. பயன்படுத்துறவங்களுக்கு அந்த வழக்கம் பிடிச்சுப் போச்சு, மத்தவங்க தானா வந்து சேர்ந்தாங்க.

அரே பக்கத்துலயும் முயற்சி நடக்குது. 2020-ல பல லைப்ரரிகளோட ஆட்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கி, அரேக்குன்னு ஒரு பொது வரையறை எழுதினாங்க. 2024 ஜூன்ல வந்த நம்பை 2.0 அதை ஏத்துக்கிட்டுச்சு. இப்போ நம்பைலயும் கான்கேட்னு எழுதலாம். பழைய பேரும் வேலை செய்யும். பைடார்ச்லயும் அப்படித்தான், கேட், கான்கேட், கான்கேட்டனேட் மூணும் ஓடும். நாலு ஊர்க்காரங்களும் புரிஞ்சுக்கிற ஒரு வார்த்தை கிடைச்சிருக்கு.

அப்போ அந்த எட்டு எண் கதை? அங்கதான் சுவாரசியம். எதனால வகுக்கணும்னு சொல்ற ஆர்கியூமென்ட்டுக்கு கரெக்‌ஷன்னு பொதுப் பேர் வெச்சாங்க. நம்பையும் ஏத்துக்கிச்சு, பைடார்ச்சும் ஏத்துக்கிச்சு. பேர் ஒண்ணாயிடுச்சு. ஆனா டீஃபால்ட் மட்டும் மாறல. நம்பைல 0, பைடார்ச்ல 1. இன்னைக்கும் விடை 2, 2.138-தான்.

ஏன் மாத்தலன்னு யோசிங்க. புதுப் பேர் சேர்த்தா யாரோட கோடும் உடையாது. பழைய பேரை எடுத்தா கோடு உடையும், ஆனா எர்ரர் வரும், தெரிஞ்சு சரி பண்ணிக்கலாம். டீஃபால்டை மாத்தினா உலகம் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம்கள் எர்ரரே இல்லாம நாளைக்கு வேற விடை சொல்லும். போன வருஷத்து ஆராய்ச்சி முடிவு, இந்த வருஷம் திரும்பப் போட்டா ஒத்துப்போகாது. பைத்தான் 2-ல இருந்து 3-க்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர 2008 டிசம்பர்ல இருந்து 2020 ஜனவரி வரை ஆச்சு. அந்த 11 வருஷம் பார்த்த சமூகம் இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பயப்படும். என்னைக் கேட்டா, பயப்படுறது சரிதான்.

அதனால நேர்மையா சொல்லணும்னா, இந்த முரண்பாட்டுல ஒரு பகுதி எப்பவும் நம்மகூடவே இருக்கும். தீர்ந்துடும்னு காத்திருக்க வேண்டாம், இதோட வாழப் பழகிக்கலாம்.

நாம என்ன பண்ணலாம்?

நான் டீம்ல சொல்றதையே இங்கயும் சொல்றேன்.

முதல்ல, டீஃபால்டை நம்பாதீங்க. ஸ்டாண்டர்டு டீவியேஷன் எடுத்தா எதனால வகுக்கணும்னு கையால எழுதுங்க. ஆக்சிஸை எழுதுங்க. ஆர்கியூமென்ட்டைப் பேர் சொல்லிக் கொடுங்க. பத்து எழுத்து கூடும், அடுத்து படிக்கிறவருக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

ரெண்டாவது, விடை தெரிஞ்ச குட்டி டேட்டாவை வெச்சு உரசிப் பாருங்க. எட்டு எண் போதும். படம்னா முழுச் சிவப்பா ஒரே ஒரு படம், அதுவும் சதுரமா இல்லாத படம். ரெண்டு லைப்ரரி சந்திக்கிற ஒவ்வொரு இடத்துலயும் இதைப் பண்ணுங்க. பக் அதிகமா ஒளிஞ்சிருக்கிறது அந்தச் சந்திப்புலதான்.

மூணாவது, பதில் தேடுறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல என்ன வெர்ஷன் இருக்குன்னு பாருங்க. பைத்தான்லயே ஹெல்ப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அது காட்டுறது உங்ககிட்ட இருக்கிற வெர்ஷனோட டாக்குமென்டேஷன். இணையத்துல இருக்கிறது யாரோட வெர்ஷனோ. போகப் போகுதுன்னு வர்ற வார்னிங்கை மூடி வைக்காதீங்க. அது ஒரு வருஷம் முன்னாடியே வர்ற கடுதாசி.

நாலாவது, டீமா வேலை பார்க்கிறீங்கன்னா, படத்தைத் திறக்க ஒரே ஒரு ஃபங்ஷனை நீங்களே எழுதி வெச்சுக்கோங்க. எல்லாரும் அது வழியாவே திறக்கட்டும். உள்ள ஓப்பன்சிவியோ பில்லோவோ, வெளிய வர்ற வரிசை எப்பவும் ஒண்ணு.

கடைசியா, உங்களைக் குழப்பின இடத்தை ரெண்டு வரில டாக்குமென்டேஷன்ல சேர்க்கச் சொல்லி அனுப்புங்க. பாண்டாஸ் பக்கத்துல அடியில இருக்கிற அந்தக் குறிப்பும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதினதுதானே? பல வருஷம் அனுபவம் இருக்கிறவங்களுக்கு எது குழப்பும்னு மறந்து போயிருக்கும். அது நல்லாத் தெரிஞ்சவங்க நேத்து குழம்பினவங்கதான். உங்க முதல் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு இதைவிட நல்ல இடம் இல்ல.

அடுத்த எபிசோடுல தேதியும் நேரமும் பத்திப் பேசலாம்னு இருக்கேன். டைம் சோன் பேரைக் கேட்டாலே சிலர் ஓடிடுவீங்க, அதனால கொஞ்சம் மெதுவாவே போகலாம். அதுவரைக்கும் ஒரு வீட்டுப்பாடம்: உங்க புராஜெக்டைத் திறந்து, எத்தனை இடத்துல ஸ்டாண்டர்டு டீவியேஷன் எடுத்திருக்கீங்க, எந்த லைப்ரரில எடுத்திருக்கீங்கன்னு தேடிப் பாருங்க. ரெண்டு லைப்ரரி கலந்து வந்துச்சுன்னா எனக்கு எழுதுங்க.